தேவையற்ற கம்பியும் பயன் தெரியாத துளையும்

பழுது பார்ப்பவன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் என் உத்தியோகத்தின் பெரும்பகுதி, பழுது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதில் கழிந்தது. பார்ப்பதற்கு நேரமும் உதிரிபாகமும் வேண்டும். எழுதுவதற்குப் பேனா போதும்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பழைய வீட்டுக் கணினிகளைச் சேகரிக்கிறவராம். தனக்கென்று திரை இல்லாமல், வீட்டுத் தொலைக்காட்சியில் சொருகி ஓட்டுகிற விசைப்பலகைப் பெட்டிகள் எண்பதுகளில் வந்தனவே, அவைதான். பிரான்சிலிருந்து வந்த ஒன்று அவரிடம் இருக்கிறது. மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையில் கிழிந்து கிழிந்து ஓடுகிறது. காரைக்காலில் இதெல்லாம் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று யாரோ என் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

"ஆன்டெனா பக்கமே போகாதீங்க. அதோட இன்னொரு தடிச்ச கம்பி வந்திருக்கும், அகலமா ஒரு பிளக்கோட. அதுக்கு ஏத்த கன்வர்ட்டர் வாங்கி மாட்டுங்க" என்றேன்.

மூன்றாம் நாள் வண்ணப்படம் அனுப்பினார். "பார்க்காமலே எப்படி சார் சொன்னீங்க?" என்று கேட்டார். பார்த்துவிட்டுத் தவறாகச் சொன்ன அனுபவம் உண்டு, அதனால்தான் என்றேன். அடக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அடக்கமெல்லாம் இல்லை. நான் அப்படிச் சொன்னதால் ஒரு பெண்ணின் வேலை ஏனாமுக்குப் பெட்டி கட்டவிருந்தது. ஓய்வூதியர் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லி மூன்று வருடமாகக் கேட்கிறார்கள். பாராட்டுப் பெற்ற கதைகளை மற்ற உறுப்பினர்கள் எழுதி முடித்துவிட்டதால் எனக்கு மிச்சம் இருப்பது இதுதான்.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. உலகத்துத் தொலைக்காட்சி முறைகளை ஒரே பிற்பகலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடத்தினார்கள். வண்ணத்தை அனுப்புவதில் மூன்று வகையறா. அமெரிக்காவும் ஜப்பானும் ஒன்று. நாமும் இங்கிலாந்தும் ஜெர்மனியும் 'பால்' என்று இன்னொன்று. பிரான்ஸ் நம்மோடும் சேராமல் அவர்களோடும் சேராமல் 'செகாம்' என்று தனிக்குடித்தனம். அதோடு விட்டார்களா என்றால் இல்லை. நம் ஒளிபரப்பில் வெளிச்சம் கூடினால் அலை குறையும். அவர்கள் ஒளிபரப்பில் வெளிச்சம் கூடினால் அலையும் கூடும். ஆகவே நம் வெள்ளை அவர்கள் பெட்டியில் கறுப்பு, அவர்கள் வெள்ளை நம் பெட்டியில் கறுப்பு. ஒலியும் ஒத்துப்போகாது. தேர்வில் இந்தக் கேள்வி வந்தது. படம் போட்டு, பகுதி குறித்து எழுதினேன். பத்துக்குப் பத்து. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கிற வழி எனக்கு அன்றைக்கே அடைபட்டுப் போயிற்று.

காரைக்காலில் அப்போது ஒரு சிறிய அரசுப் பராமரிப்புக் கூடம் இருந்தது. பஞ்சாயத்துகளிலும் பள்ளிகளிலும் இருக்கிற தொலைக்காட்சி, ஒலிபெருக்கி வகையெல்லாம் பழுதானால் எங்களிடம் வரும். அங்கே நான் முதுநிலைத் தொழில்நுட்பர். கூடத்தின் நடுநாயகமாக ஒரு வண்ணத் தொலைக்காட்சி இருந்தது. அதற்கு ஒப்பளவுப் பெட்டி என்று பெயர். உள்நாட்டுத் தயாரிப்பு. வருடத்துக்கு ஒருமுறை புதுச்சேரிக்குப் போய், சோதிக்கப்பட்டு, பின்பக்கத் திருகில் ஈயமுத்திரை வாங்கிக்கொண்டு வரும். மற்ற நாட்களில் மஞ்சள் துணி போர்த்தியிருக்கும். படம் காட்டுகிற எந்தச் சாதனம் வந்தாலும் அதில்தான் மாட்டிப் பார்க்க வேண்டும். ஒளிபரப்பை வாங்குகிற சாதனம் வந்தால், அதே ஆன்டெனாவில் ஒப்பளவுப் பெட்டியைப் பக்கத்தில் ஓட்டி ஒப்பிட வேண்டும். ஒப்பளவுப் பெட்டி தவறு செய்யாது என்பது விதி. எனவே தவறு எப்போதும் எதிரில் இருப்பதுடையது.

நடைமுறையை இப்போதும் தூக்கத்தில் சொல்வேன். முதலில் வெளிப்பார்வை. பெட்டியில் உள்ளது ஒவ்வொன்றையும், திருகாணி உட்பட, பெயரிட்டு எழுத வேண்டும். மின்கசிவுச் சோதனை. அரைமணி நேரம் சூடேற விடுதல். பிறகு முதல் நோக்கு, இரண்டாம் நோக்கு, மூன்றாம் நோக்கு, ஒவ்வொன்றுக்கும் இடையே கால் மணி நேரம். இந்தக் கால் மணி நேரத்தில் சிந்திக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. நான் தேநீர் குடிப்பேன்.

மேலதிகாரி வைத்தியலிங்கம் சார், உதவிப் பொறியாளர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முடியாது என்று சொல்லியும் கேட்டதில்லை. கோப்பை அனுப்பினால் ஓரத்தில் பச்சை மையில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். பேசப் போனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். முடித்ததும் ஒரே கேள்வி: "விதி என்ன சொல்லுது?" விதியைச் சொன்னால், "அப்ப அதான்" என்பார். தொடர்ந்து பல வருடம் இப்படிப் பேசியதில் அவருடைய கருத்து எதுவும் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

இனி முத்தையன். பூவத்துக்காரர். விவசாயக் குடும்பம். வாலிபத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். இப்படிப்பட்டவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அவர் திரும்பும்போது பெரிய வண்ணத் தொலைக்காட்சி ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்து, ஊர்ப் படிப்பகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாலை போட்டு, சூடம் காட்டி, சினிமாப் பார்க்க ஊரே வந்து உட்கார்ந்தது. போட்டார்கள். கதாநாயகனுக்குக் கறுப்புப் பற்கள், வெள்ளை மீசை. படம் கீழிருந்து மேலே ஓடியது. சத்தத்துக்குப் பதில் கொதிக்கிற எண்ணெய்ச் சத்தம். ஊர் சிரித்த சிரிப்பில் முத்தையனுக்கு 'பேய்ப்படம்' என்று பெயர் நிலைத்தது.

மறுநாள் பெட்டி எங்களிடம் வந்தது. வெளிப்பார்வையில் பெட்டியின் முதுகில் ஒரு நீள்சதுரப் பொருத்துவாய் இருந்தது. உள்ளே பல்வரிசை மாதிரி இரண்டு வரிசைச் சிறு ஓட்டைகள். விதிப்படி எழுதினேன்: 'பின்புறம் துளை ஒன்று, பயன் தெரியவில்லை.' ஒப்பளவுப் பெட்டியைப் பக்கத்தில் ஓட்டினேன். இதில் செய்தி வாசித்தவருக்குக் கறுப்பு முடி, அதில் தும்பைப்பூ முடி. மூன்று நோக்கும் பார்த்து, மூன்று தேநீரும் குடித்து, 'படப்பிரிவில் கடும்பழுது. உதிரிபாகம் இந்தியாவில் கிடைக்காது. பயனற்றது' என்று முடித்தேன். வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும் என்று படம் போட்டுப் பத்து மதிப்பெண் வாங்கிய கைதான் எழுதியது. அன்பளிப்பு திரும்பவும் அவர் வீட்டுக்கே மாட்டுவண்டியில் போயிற்று. அறிக்கையின் நகலைப் படிப்பகத்துப் பலகையில் ஒட்டினார்கள். அதுவும் விதி.

இரண்டு வருடம் கழித்து, பிரான்சில் வேலை பார்க்கிற நம் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நான்கு வீட்டுக் கணினிகளைக் கோட்டுச்சேரிப் பக்கத்துப் பெண்கள் பள்ளி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அதை நம்பி அங்கே கணினிப் பயிற்றுநர் பணியிடம் ஒன்றும் உருவானது. மூன்று கணினியாவது வேலை செய்தால்தான் அந்தப் பணியிடம் அங்கே இருக்கும். சான்று தரவேண்டியவன் நான்.

ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு கம்பிகள் இருந்தன. ஒன்று மெல்லியது. சிறிய டப்பா வழியாக ஆன்டெனா துளைக்குப் போவது. மற்றொன்று பெருவிரல் கனம், நுனியில் அகலமான தட்டைப் பிளக். நம் தொலைக்காட்சி எதிலும் அது நுழைய இடமில்லை. ஆகவே எழுதினேன்: 'தடித்த கம்பி நான்கு, தேவையற்ற உபரி.' மெல்லிய கம்பியை ஒப்பளவுப் பெட்டியில் மாட்டினேன். கோடுகள் கிழிந்து ஓடின, வண்ணம் இல்லை. அடுத்ததும் அப்படி. நான்கும் அப்படியே. நான்கு சாதனத்திலும் ஒரே பழுது என்றால் சந்தேகப்பட வேண்டியது எதை என்று யாரும் யோசிப்பார்கள். நான் 'தயாரிப்பிலேயே குறைபாடு' என்று ஒரு வரி கூடுதலாக எழுதிவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

ஒரு வாரத்தில் அந்தப் பயிற்றுநர் வந்தாள். பெயர் அமுதா. கீழவாஞ்சூர்ப் பெண். துறைமுகமும் நிலக்கரி லாரியும் வருவதற்கு முந்தைய கீழவாஞ்சூர். அப்பாவுக்குப் படகு, அம்மாவுக்கு மீன் கூடை.

"சார், நாலும் செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க."

"செயல்படா நிலைன்னு எழுதியிருக்கேன்மா."

"அதான் சார். நாலுமா ஒரே மாதிரி சாகும்? எங்க தெருவுல நாலு படகு ஒரே நாள்ல நின்னுபோனா படகப் பாக்கமாட்டாங்க சார், டீசலத்தான் பாப்பாங்க."

ஒப்பளவுப் பெட்டியின் ஈயமுத்திரையைக் காட்டினேன். அவள் அதைக் கோயில் சிலையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள மூணு ஓடுதுன்னு சான்று போகலன்னா வகுப்ப மூடிருவாங்களாம். என்னை ஏனாமுக்குப் போடுறாங்களாம்."

புதுச்சேரி அரசில் வேலை பார்த்தவர்களுக்கு ஏனாம் என்ற சொல்லை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆந்திரக் கரையில் நமக்கு இருக்கிற துண்டு நிலம். தெலுங்கு பேசுகிற ஊர். போகிறவர்கள் திரும்பி வரும் விண்ணப்பத்தைப் போகும்போதே எழுதி எடுத்துப் போவார்கள்.

"போயிட்டு ரெண்டு வருஷத்துல வந்துரலாமே" என்றேன்.

"அப்பா படகு கவுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சு படுத்திருக்காரு சார். அம்மா விடியக்காலம் மீனுக்குப் போனா மத்தியானம்தான் வரும். அவரத் தூக்கி உட்கார வைக்கிறது நான்தான். நான் ஏனாம் போறதுன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு வீட்டுல இருக்கிறதுதான்."

அவள் கையில் கணினியோடு வந்த பிரெஞ்சுக் குறிப்புத்தாள் இருந்தது. மொழிபெயர்ப்பு இல்லாத தாளை அறிக்கையோடு சேர்க்கக் கூடாது என்பதால் நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பூவத்தில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்த சொல்தா ஒருவர் இருக்கிறாராம், அவரிடம் போய்க் கேட்கிறேன் என்று சொல்லிப் போனாள். யார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்து நின்றாள்.

"படிச்சுச் சொன்னாரு சார். அந்தத் தடிக் கம்பிதானாம் முக்கியம். பிரெஞ்சு டிவி எல்லாத்துக்கும் முதுகுல ஒரு பொருத்துவாய் இருக்குமாம், அதுல போகுமாம். செவப்பு, பச்ச, நீலம் மூணும் தனித்தனியா நேரா திரைக்கே போயிருமாம், ஆன்டெனாவே வேணாமாம்."

"அந்த மாதிரி டிவிக்கு எங்க போறது?"

"அவரு வீட்லயே இருக்கு சார்." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா அத நீங்க சாவடிச்சிட்டீங்கன்னு சொன்னாரு."

அலமாரியைத் திறந்து இரண்டு கோப்புகளையும் எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் 'துளை, பயன் தெரியவில்லை.' மற்றொன்றில் 'கம்பி, தேவையற்ற உபரி.' இரண்டின் அடியிலும் அழகான கையெழுத்து. எனக்கு எப்போதும் கையெழுத்து அழகாக வரும்.

அந்தத் துளையில் அந்தக் கம்பி போகும் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மீனவப் பெண் ஒருத்தியும் பட்டாளத்துக்காரர் ஒருவரும் தேவைப்பட்டார்கள். படித்ததெல்லாம் அப்போதுதான் வரிசையாக நினைவுக்கு வந்தது. அந்தத் தொலைக்காட்சி நம் ஒளிபரப்பைத் தலைகீழாகப் பார்த்தது. இந்தக் கணினிகளை நம் தொலைக்காட்சி தலைகீழாகப் பார்த்தது. பழுது எதிலும் இல்லை.

மறுபரிசோதனைக் குறிப்பு எழுதி உள்ளே அனுப்பினேன். 'பேசவும்' என்று வந்தது. போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த டிவியில மாட்டிப் பாத்தா கம்ப்யூட்டர் ஓடும்ங்கிறீங்க."

"ஆமா சார்."

"அந்த டிவி பயனற்றதுன்னு யாரு எழுதுனது?"

"நான்தான் சார்."

"பயனற்ற பெட்டியில மாட்டி எப்படிச் சோதிப்பீங்க? முதல்ல டிவி நல்லாருக்குன்னு சான்று வேணும். அத எதுல மாட்டிப் பாப்பீங்க?"

"அந்தக் கம்ப்யூட்டர்ல சார்."

"அது செயல்படா நிலைன்னு யாரு எழுதுனது?"

இறந்துவிட்டதாகச் சான்று பெற்ற இருவர் ஒருவருக்கொருவர் உயிரோடு இருப்பதாகச் சாட்சி சொல்ல முடியாது. மூடிய கண்ணோடு, கதவருகே நின்றிருந்த அமுதாவின் பக்கம் முகத்தைத் திருப்பி அவர் கேட்டார், "நீ என்னம்மா சொல்ற?"

"அந்த டிவி கம்ப்யூட்டரோடயே சேந்து வந்திருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

வைத்தியலிங்கம் சார் கண்ணைத் திறந்தார். அவர் கண்ணைத் திறந்து யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. "விதி என்ன சொல்லுது?" என்றார் என்னிடம்.

சொன்னேன். நன்கொடையாளர் துணைக்கருவியாகக் கொடுத்ததோடு சேர்த்துச் சோதிக்கலாம். துணைக்கருவிக்குத் தனிச் சான்று தேவையில்லை.

"அப்ப அதான்" என்றார். "அவரு பள்ளிக்கூடத்துக்குத் துணைக்கருவியா எழுதிக் குடுக்கட்டும். நீங்களே போயி வாங்கிட்டு வாங்க."

முத்தையன் என்னை வாசலிலேயே நிறுத்தினார். அமுதாவுக்கு நாற்காலி போடச்சொன்னார். எனக்குப் போடச்சொல்லவில்லை.

"வாங்க முசியே. இப்ப எதக் கொல்லணும்?" என்றார். பிரெஞ்சில் ஐயா என்பதற்கு முசியே.

விஷயத்தைச் சொன்னேன். செகாம், பால், அலை கூடுதல், குறைதல் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இதெல்லாம் அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை.

"ஒரு தடவ குடுத்துட்டு ரெண்டு வருஷமா டீக்கடைக்குப் போக முடியல. எம் பேத்திய ஸ்கூல்ல பேய்ப்படம் வீட்டுப் பொண்ணுங்குறானுவ. திரும்பவும் குடுங்குறீங்க." அமுதாவைப் பார்த்தார். "இந்தப் பொண்ணுக்காகக் குடுக்கிறேன். ஆனா ஒண்ணு. ஊரக் கூட்டி வச்சுத்தான் என் டிவி செத்துச்சு. ஊரக் கூட்டி வச்சே அது உசுரோட இருக்குன்னு நீங்க சொல்லணும். அப்புறம் எடுத்துட்டுப் போங்க."

"மாட்டிச் சோதிச்சுப் பாத்துட்டு வந்து சொல்றேனே?"

"சோதிக்காமதான செத்துப்போச்சுன்னு எழுதுனீங்க? சோதிக்காமலே பொழச்சிருக்குன்னும் சொல்லுங்க. ரெண்டும் சரிக்குச் சரியாப் போயிரும்."

மூன்று நோக்கு பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அமுதா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். மாதம் முடிய ஐந்து நாள்தான் இருந்தது. பெட்டியோ இரண்டு வருடமாகப் போர்வைக்குள் கிடக்கிறது. கடற்கரை ஊரில் அத்தனை நாளில் நிஜமாகவே செத்துப்போயிருக்கவும் கூடும். சான்று கொடுத்த பிறகு சோதனை என்பது என் வாழ்க்கையில் முதல்முறை.

ஞாயிற்றுக்கிழமை காலை படிப்பகத்து வாசலில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். நான் எழுதி எடுத்துப் போயிருந்தேன். முதல் வரியிலேயே 'மேற்படி சாதனம்' என்று ஆரம்பித்ததும் ஒருவர், "தமிழ்ல சொல்லுங்க சார்" என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"முத்தையன் அய்யா குடுத்த டிவி நல்ல டிவி. அது கெட்டுப்போகல. கெட்டுப்போச்சுன்னு நான்தான் தப்பா எழுதிட்டேன்."

முன்வரிசையில் இருந்த பெரியவர் கேட்டார்.

"அப்ப இன்னிக்குச் சாயங்காலம் படம் பாக்கலாமா?"

"பாக்க முடியாதுங்க."

"நல்லாருக்குன்னீங்க?"

"நல்லாத்தான் இருக்கு. நம்ம ஊரு ஒளிபரப்பு அதுல தெரியாது."

"எந்த ஊரு ஒளிபரப்பு தெரியும்?"

"பிரான்சு ஒளிபரப்பு."

"அது பூவத்துக்கு வருமா?"

"வராதுங்க."

"அப்ப நல்லாருக்குன்னு சொல்லத்தான் காரைக்கால்லேருந்து பஸ் ஏறி வந்தீங்களா?"

அன்றைக்கு அந்த ஊர் சிரித்ததைப்போல யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. "சர்க்கார் சம்பளம் இதுக்குத்தான் போவுது" என்றான் ஒருவன். "பேய்ப்படத்துக்கு மந்திரவாதி வந்திருக்காரு" என்றான் இன்னொருவன். கைகட்டி நின்றிருந்த முத்தையனும் சிரித்தார். ஊரோடு சேர்ந்து அவர் சிரித்து இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூக்கிட்டுப் போங்க முசியே" என்றார். துணைக்கருவிக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டார்.

பெட்டி டிராக்டரில், வைக்கோல் மேல், கோட்டுச்சேரி வந்து சேர்ந்தது. பள்ளம் வந்தபோதெல்லாம் அமுதா அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நான் என்னைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளி அறையில் சோதனை. வைத்தியலிங்கம் சாரும் வந்து ஓரமாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். வெளிப்பார்வை, மின்கசிவுச் சோதனை, அரைமணி நேரச் சூடு என்று ஒன்றையும் நான் விடவில்லை. தேநீர் மட்டும் வேண்டாம் என்றேன்.

முதல் கணினியின் தடித்த கம்பியைத் தொலைக்காட்சியின் முதுகில் வைத்து அழுத்தினேன். செய்து வைத்ததுபோல் உட்கார்ந்தது. திரையில் இளநீலம் பரவியது. நடுவே ஒரு சின்னக் கட்டம் விட்டுவிட்டு மின்னியது. அமுதா ஒரு விசையைத் தட்டினாள். எழுத்து வந்தது, அசையாமல், கிழியாமல். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அடுத்தது சார்" என்றாள்.

இரண்டாவதில் ஒன்றுமே வரவில்லை. விளக்கும் எரியவில்லை. திறந்து பார்த்தேன். கூடத்தில் கிழிந்தாவது ஓடியதுதான், இடையில் மின்மாற்றி கருகியிருந்தது. நிஜமான பழுது. என் பழைய அறிக்கை கால்வாசி பலித்துவிட்டதில் ஒரு கணம் எனக்கு மகிழ்ச்சி ஏற்பட்டதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். மறுகணம், மீதி இரண்டும் ஓடியே ஆகவேண்டும் என்பது உறைத்தது.

மூன்றாவது ஓடியது. நான்காவதை மாட்டினால் திரை முழுதும் ஊதா. இளநீலம் வரவேண்டிய இடத்தில் சிவப்பும் நீலமும் மட்டும் வந்து கலந்திருந்தன. பச்சை வரவில்லை. மூன்று நிறமும் தனித்தனிக் கம்பியில் வருவதால் ஒன்று அறுந்தால் அது மட்டும் போகும். கணினி நல்லது, கம்பிதான் கெட்டது. முதல் கணினியின் கம்பியைக் கழற்றி இதில் போட்டேன். வந்துவிட்டது.

ஓரத்திலிருந்து குரல் வந்தது. "ஒண்ணோட கம்பிய இன்னொண்ணுல போட்டுச் சோதிக்கலாமா?"

விதியை மனத்துக்குள் புரட்டினேன். ஒவ்வொரு சாதனமும் அதனதன் கம்பியோடு என்றுதான் இருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அமுதா சொன்னாள்.

"ரெண்டாவது கம்ப்யூட்டர் போயிருச்சே சார். அதோட கம்பி சும்மாதான இருக்கு. அந்த உபரிக் கம்பியப் போட்டுக்கலாம்ல?"

உபரிக் கம்பி. என் அறிக்கையிலேயே அப்படித்தான் இருக்கிறது. இரண்டாவது கணினியின் கம்பியைப் போட்டேன். இளநீலம் வந்தது. வைத்தியலிங்கம் சார், "ம்" என்றார்.

படிவம் எழுத உட்கார்ந்தேன். செயல்படுபவை மூன்று, செயல்படாதது ஒன்று. மறுபரிசோதனைப் படிவத்தில் கூடுதலாக ஒரு கட்டம் உண்டு: 'முன்னர் குறிப்பிட்ட பழுதுக்கான காரணம்.' பேனா நின்றது.

"உப்புக்காத்துன்னு போடுங்க" என்றார் சார், கண்ணாடியைத் துடைத்தபடி. "புதுச்சேரியில யாரும் கேக்கமாட்டாங்க."

எங்கள் கூடத்தில் காரணம் தெரியாத பழுதெல்லாம் உப்புக்காற்றால் வந்தவைதான். நானும் எழுதத் தொடங்கினேன்.

"உப்புக்காத்தா சார்?" என்றாள் அமுதா. "உப்புக்காத்துல கெட்டுப்போறதுன்னா எங்க தெருவுல ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டோம். அட்டப்பெட்டி பிரிக்காம உங்க கூடத்துக்குத்தான் சார் வந்துச்சு."

சான்று கைக்கு வரும் முன்னே இப்படிப் பேச அவளுக்குத் துணிச்சல் இருந்தது. எனக்கு அந்த அளவுக்குக்கூட இல்லை என்று தோன்றியது. எழுதிய 'உப்பு' வரைக்கும் அடித்து, சுருக்கொப்பம் வைத்து, பக்கத்தில் 'பரிசோதித்தவர்' என்று எழுதினேன். அதற்கு அடுத்த கட்டம் மேலதிகாரி நிரப்ப வேண்டியது. படிவத்தை நீட்டினேன். அவர் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, காரைக்கால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

அந்த மாதக் கடைசி இரண்டு நாளும் நான் என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை. காரணம் என்ற கட்டத்தில் ஆளை எழுதியதற்காகப் படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டால் அமுதாவின் கெடு முடிந்துவிடும். நேர்மையாக இருக்க நான் தேர்ந்தெடுத்த நாள் அடுத்தவருடைய கெடு நாள்.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் அமுதா கூடத்துக்கு வந்தாள். பணியிடம் அதே பள்ளியில் தொடரும் என்ற உத்தரவு கையில் இருந்தது. "அப்பாகிட்டதான் சார் மொதல்ல படிச்சுக் காட்டுனேன்" என்றாள். உத்தரவோடு இணைத்திருந்த படிவ நகலை என் முன்னால் விரித்து, ஓர் இடத்தில் விரல் வைத்தாள்.

என் கட்டத்தில் 'பரிசோதித்தவர்' என்று அப்படியே இருந்தது. மேலதிகாரியின் கட்டத்துக்குத் தலைப்பு, 'மேற்படி பழுது நீக்கப்பட்டதா?' அதற்கு நேரே பச்சை மையில், வைத்தியலிங்கம் சாரின் சின்னச் சின்ன எழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது.

'தற்காலிகமாக.'